கொறக்கா

கேட்டுக்குக் கொளுக்கி போட்டுவிட்டு வந்து, சுவர்ணா மறுபடியும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் ஜில்லென்று இருந்தன. எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாயிற்று, கம்பளிக் காலுறையும் மாட்டியாயிற்று. சூடு ஏறுவேனா என்றது.

அம்மா டொரதிக்குப் பக்கவாதம். இனித் தங்கள் கையில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்பிட்டிய வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தியதிலிருந்து கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் ஒரு முனகல்கூட இல்லை. கோயில் சாமியார் வந்து எண்ணெய் பூசி, நோயில் பூசுதல் கொடுத்துவிட்டு, "அமைதியா போக விடுங்க மகள்" என்று சொல்லிப் போனார். அந்தச் சொல்லைச் சுவர்ணா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டிவியை மூடினாள், பக்கத்து வீட்டு நாயைக்கூட அதட்டினாள். மிச்சமிருந்த ஒரே இரைச்சல் பிலோமினா பெரியம்மா. அதற்குத்தான் இந்தக் கொளுக்கி.

பிலோமினா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, ஹந்தானையில் இருக்கிறாள். கண்டியில் மழைக்கும் அவளுக்கும் யாரும் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வந்து இறங்குவாள், சண்டை தொடங்கிவிடும். எதற்குச் சண்டை என்று கேட்காதீர்கள், எதற்குத்தான் இல்லை! முக்கியமாக மீன் குழம்புக்கு. அம்மா கொறக்கா போடுவாள். கறுத்துக் காய்ந்த அந்தப் புளிதான் மீனுக்கு லட்சணம் என்பாள். பெரியம்மாவுக்குப் பழப்புளி, அதுதான் புளியம்பழத்துப் புளி, இல்லாவிட்டால் அது குழம்பே இல்லை. "இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்று போவாள். அடுத்த ஞாயிறு அதே வாசற்படியில் நிற்பாள்.

கட்டிலோரம் போன் அதிர்ந்தது. டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுவர்ணா விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மாணவி ரிப்கா கேட்டிருந்தாள்: "மிஸ், யூரோப்பாவுல வெயிலே ஒழுங்கா படாதுதானே. மேல எல்லாம் ஐஸ். அப்ப கீழ கடல் எப்படி உறையாம இருக்கு?"

விண்கலம் ஒன்று அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பாடம் நடத்தியவளே சுவர்ணாதான். வியாழனைச் சுற்றிவரும் அந்த நிலவு சில நேரம் கொஞ்சம் கிட்டே வருகிறது, சில நேரம் கொஞ்சம் எட்டப் போகிறது. கிட்டே வந்தால் வியாழன் பிடித்து இழுக்கிறது, எட்டப் போனால் தளர விடுகிறது. இழுபட்டுத் தளர்ந்து, இழுபட்டுத் தளர்ந்து, உள்ளே பாறையும் பனியும் உரசிச் சூடாகின்றன. அந்தச் சூட்டில்தான் பனிக்கு அடியில் ஒரு பெருங்கடல் உருகிக் கிடக்கிறது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கைப்பயிற்சிக்கு வாங்கிய ரப்பர் பந்தை வகுப்புக்குக் கொண்டுபோய் அமுக்கி அமுக்கிக் காட்டினாள். பிள்ளைகள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "சுடுது மிஸ்!" என்றார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பிறகு எழுதலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். கேட் கிடுகிடுத்தது.

"அடியே சுவர்ணா! கேட்டைத் தொறடி! என் தங்கச்சிய பாக்க ஒன்கிட்ட பாஸ் எடுக்கணுமா?"

சுவர்ணா ஜன்னலுக்கு ஓடினாள். "சத்தம் போடாதீங்க பெரியம்மா. அம்மா அமைதியா போகட்டும்."

"அமைதியாவா? என்னைக்குடி அவ அமைதியா இருந்தா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன் லக்ஸ்மன் எழுந்து போய்க் கொளுக்கியை எடுத்துவிட்டான். சுவர்ணாவுக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மா நேரே கட்டிலுக்கு வந்து தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"யாரு இவளுக்கு நடுவகிடு எடுத்தது? பக்கவகிடுதானே எடுப்பா." விரலாலேயே முடியை ஒதுக்கினாள். "டொரதி. ஏய், நான்தான் வந்திருக்கேன்."

அசைவில்லை. பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்தா பாரு. பலயா மீன் வாங்கி, பழப்புளி கரைச்சு ஊத்தி கொழம்பு வச்சிட்டு வந்திருக்கேன். மனுசர் தின்னுற கொழம்பு. கொறக்காவும் ஒரு புளியாடி? அடுப்புக்கரிய தூக்கி சட்டியில போட்ட மாதிரி!"

"போதும் பெரியம்மா!" சுவர்ணா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது அம்மாவின் நெற்றி சுருங்கியது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வாதம் தாக்காத பக்கத்து உதடு மெல்லத் துடித்தது.

"கொ... றக்கா."

வீடே விறைத்துப்போனது. பெரியம்மா மட்டும் விடவில்லை. "பழப்புளி" என்றாள்.

"கொறக்கா." இந்த முறை தெளிவாகவே வந்தது. ஒரு கண் கீறலாகத் திறந்து அக்காவைத் தேடியது. காலுறைக்குள் பாதம் ஒரு உதை உதைத்தது.

சுவர்ணாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மணி அடித்ததால் வகுப்பில் சொல்லாமல் விட்ட மிச்சப் பாதி இதுதானே! தன்பாட்டில் சுற்ற விட்டிருந்தால் யூரோப்பாவின் பாதை எப்போதோ சுத்த வட்டமாகியிருக்கும். கிட்டேயும் இல்லை, எட்டவும் இல்லை, இழுபறியும் இல்லை. கடல் அடிவரைக்கும் உறைந்திருக்கும். அப்படி ஆகவிடாமல் பக்கத்து நிலவான அயோ திரும்பத் திரும்ப வந்து இழுத்துக் குழப்பிவிட்டுப் போகிறது. எங்கேயோ கோடி கோடி மைலுக்கு அப்பால் நடக்கிற காரியம், அம்மம்மா, இந்த முன்னறையிலும் நடக்கிறது. இதற்கா நான் கொளுக்கி போட்டேன் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோயில் மாலைமணி அடிக்கும்போது அம்மா போய்விட்டாள். கை அக்காவின் கைக்குள் இருந்தது.

அதன்பிறகு பெரியம்மா பேசவில்லை. பெட்டி மூடும்போதும் வாய்விட்டு அழவில்லை. கல்லறைக்கு மண் போட்டுவிட்டு வந்து மூலைக் கதிரையில் உட்கார்ந்தவள், யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள். "பாவம், அடங்கிட்டா" என்றார்கள் சனங்கள். ஏழாம் நாள் பூசைக்கு வந்தபோதும் அப்படியேதான். தேத்தண்ணி கொடுக்கும்போது அவள் விரல் சுவர்ணாவின் கையில் பட்டது, ஐஸாக இருந்தது. சுவர்ணாவுக்குப் பகீரென்றது.

குசினிக்குப் போய் மீனைத் தானே கழுவி அடுப்பில் ஏற்றினாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், பெரியம்மாவின் சோற்றுக் கோப்பையில் குழம்பை ஊற்றி, கறுப்புத் துண்டு ஒன்று மேலே தெரிகிற மாதிரி வைத்தாள்.

"சாப்பிடுங்க பெரியம்மா. கொறக்கா போட்டு ஆக்கினேன். பழப்புளி ஊத்தினா அது மீன் கொழம்பா, ரசமா?"

லக்ஸ்மனுக்குப் புரையேறியது.

பெரியம்மா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். சுவர்ணாவை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு விரலைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றாள். கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆத்தாளப் போலவே வந்திருக்கா பாரு. ஞாயித்துக்கெழம வர்றேன். கொழம்புன்னா என்னான்னு காட்டுறேன்."

வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு, லக்ஸ்மன் கேட்டைச் சாத்தப் போனான்.

"கொளுக்கி வேணாம் அண்ணே" என்றாள் சுவர்ணா.