தண்ணீர் காட்டாத கிழங்கு

வத்தேகமத்துக்கு மேலே, கோப்பித் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் ஐந்தாம் லயத்தில், அங்கம்மாவின் வாசல் நிலையில் தொங்கிய ஆகாச கருடன் கிழங்கு ஏழு வருஷம் மூச்சு விட்டது. சின்னப் பூசணிக்காய் அளவு கிழங்கு. மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு கயிறுதான். அது காற்றைத் தின்றே கொடிவிடும் என்பது இராமநாதபுரத்துச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். கண்ணேறு படாமலிருக்க மஞ்சள் பூசி வாசலில் கட்டுவார்கள். மூச்சு விடுவதுதான் புதிது. நிமிஷத்துக்குப் பதினாறு தடவை தோல் உப்பி இறங்கும். லயத்தார் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழம் பறிக்கும் காலம் வந்தது, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

கிழங்கை ஊரிலேயே தோண்டி எடுத்துவந்தவன் அவள் புருஷன் இருளப்பன். மன்னாரில் இறங்கிக் கண்டிக்கு நடந்த வழியில், தம்புள்ளைக்கு வடக்கே, அவனுக்கு வாந்திபேதி கண்டது. வழிப்போக்கர் தங்கும் அம்பலம் ஒன்றில் படுக்கவைத்தார்கள். தண்ணீர், தண்ணீர் என்றான். பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அப்போதே போய்விடுவான் என்று, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கறுப்பையா தடுத்தான். அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பிய சங்கதி அது. அங்கம்மாவும் நம்பினாள், இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டே நம்பினாள். விடிந்ததும் கூட்டம் புறப்பட்டது. நோயாளிக்காக நிற்கிற கங்காணி எவனும் அந்த ரோட்டில் நடந்ததில்லை. இருளப்பன் கிழங்கை அவள் கையில் கொடுத்து, "வாசல்ல கட்டு புள்ள. தண்ணி மட்டும் காட்டிராத, அழுகிப்போகும்" என்றான். அவள் போனாள். பாவி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

கட்டிய அன்றே கிழங்கு மூச்சுவிட்டதால், அவன் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கண்டி மலையோ கிழங்குக்கு ஆகாத இடம். ஐப்பசி பிறந்தால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அவள் பழஞ்சேலையால் துடைத்துத் துடைத்து எடுத்தாள், அடுப்புப் புகையில் காட்டினாள், தோல் மெத்தென்று ஆன இடத்தை நகத்தால் சுரண்டிச் சாம்பல் வைத்தாள். கொடி காய்ந்து உதிரும் மாதங்களில் மூச்சு மெலியும்; கொழுந்து வரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவாள். பனி நாளில் மலைக்கு வேலைக்கு வராதவளுக்குப் பேர் போட முடியாது, கூலியும் கிடையாது என்றான் கறுப்பையா. "செத்தவனுக்குக் காவலா இருக்க? வேற ஒருத்தனைக் கட்டிக்க."

"மூச்சு வருதுல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பேச்சியம்மாவுக்கு வேறு குறை. "அடியே, ஒன் புருஷன் கொறட்டை தாங்கல. கயித்த அந்தப் பக்கமாக் கட்டித் தொலை."

ஏழாம் வருஷம் மாசிக் கடைசியில் அக்குறணை முஹைதீன் வந்தார். பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி வடக்கு ரோட்டில் போய்வருகிறவர். நிலையில் தொங்கியதைப் பார்த்ததும் உப்பு அளந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தங்கச்சி, இந்த மூச்ச நான் கண்டீக்கிறன். தம்புள்ளைக்கு அங்கால அம்பலத்தில ஒரு மனிசன் படுத்தீக்கிறாரு. ஏழு வருஷம். மவுத்தாகவுமில்ல, எழும்பவுமில்ல. உதடெல்லாம் வெடிச்சு, தண்ணி தண்ணிண்டு கேக்கிறாரு. நாங்க குடுத்தா தொண்டையால எறங்குதில்ல."

அங்கம்மா கிழங்கு துடைக்கும் பழஞ்சேலையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள் துடைத்த ஒவ்வொரு துளியும் அவன் உதட்டிலிருந்து துடைத்தது. நான்கு நாள் நடையில் போய்ச் சேரலாம்தான். ஆனால் தோட்டத்தை விட்டுப் போகிறவர்களைப் பிடித்துச் சிறையில் போடுகிற காலம், வழியில் மறித்துவிட்டால் அவன் தாகத்தோடேயே கிடப்பான். குடத்தைத் தூக்கினாள்.

பேச்சியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஊத்துனா அழுகிரும்டி! போயிருவாருடி!"

"தெரியும்க்கா. எனக்கு அவரு வேணும்னுதான் பாத்தேன். அவருக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் பாக்கலையே" என்று சொல்லி, வாய்விட்டு அழுதுகொண்டே ஊற்றினாள்.

ஒரு குடம் முழுக்க ஊற்றியும் தரையில் சொட்டு விழவில்லை. அப்புறம் பேச்சியம்மாவே மலைநீர் விழும் பீலிக்கும் வாசலுக்குமாக ஓடித் தண்ணீர் பிடித்துத் தந்தாள். ஏழாவது குடத்தில் கிழங்கு நெடுமூச்சு ஒன்று விட்டது, அடுத்தது வரவில்லை. இருட்டுவதற்குள் அவித்ததுபோல் குழைந்து கயிற்றிலிருந்து இறங்கிற்று. அங்கம்மா தாலியைக் கழற்றினாள். கறுப்பையா அந்தப் பக்கமே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து முஹைதீன் மறுபடி வந்தார். அன்றைக்கு அம்பலத்தில் தங்கியிருந்த மாட்டுக்காரர்கள் பார்த்ததைச் சொன்னார். பக்கத்தில் யாருமில்லாமலே இருளப்பனுக்குத் தொண்டை ஏறி இறங்கியிருக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகை நேரம் தொடங்கிப் பொழுது சாயும்வரை குடித்திருக்கிறான்.

"என்னைய ஏசுனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. உன்ட பேரச் சொல்லி, போதும் புள்ள, கை வலிக்கப் போகுதுண்டாரு. அவ்வளவுதான்."

அங்கம்மா வலது தோளைத் தடவிக்கொண்டாள். வலித்துக்கொண்டுதான் இருந்தது. அவனைத் தூக்கிப்போன நாலு பேருக்கும் தோள் நனைந்து, வழியெல்லாம் தண்ணீர் சொட்டியதாம். அந்தக் கோடையில் காடே கருகிக் கிடக்க, அம்பலத்திலிருந்து குழிவரைக்கும் பாடை அகலத்துக்குப் புல் முளைத்தது. பொதிமாட்டுக்காரர்கள் இப்போது மாடுகளை அங்கேதான் அவிழ்த்து விடுகிறார்கள்.