மஞ்சள் டிராயர்

லீனா டிராயரைப் பாதிவரை தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மீதித் தூரத்தை அது தானே போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. “நீங்க எவ்ளோ கோவமா இருந்தாலும் சரி மேடம், இது டமார்னு மூடாது. சாஃப்ட் க்ளோஸ்,” என்று சிரித்தாள். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இதைச் சொல்வாள் போலிருந்தது. ஆனாலும் இருபதாவது முறைக்கும் கொஞ்சம் சிரிப்பை மிச்சம் பிடித்து வைத்திருக்கிற பெண். கிருத்திகா தலையாட்டினாள். ரகுராம் தன் பங்குக்கு டிராயரை இழுத்து, பாதிவரை தள்ளிவிட்டு, அது முழுக்க மூடும்வரை நின்று பார்த்தான்.

ஓசூர் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் முதல் மாடி முழுக்கச் சமையலறைகள். மொத்தம் ஒன்பது, ஒன்றிலும் தண்ணீர் வராது. குழாய் இருக்கும், திறந்தால் காற்றுகூட வராது. அடுப்பு இருக்கும், பற்றாது. மேடைமீது வெள்ளைக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழங்கள், அத்தனையும் பிளாஸ்டிக். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் மனிதருக்குப் பசி என்று ஒன்று உண்டு என்பதே மறந்துபோகும். கிருத்திகாவுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஈஜிபுராவில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் அவள் ஒழுங்காகச் சமைத்துப் பதினாலு மாதம் ஆகிறது. சோறு மட்டும் வைப்பாள். குழம்பும் பொரியலும் தெருமுனை மெஸ்ஸிலிருந்து ரகு வாங்கி வருவான். இருவரும் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

“இங்க வந்து நில்லுங்க மேடம். கைய மடக்குங்க,” என்று சொல்லி லீனா தரையிலிருந்து கிருத்திகாவின் முழங்கை வரை டேப் பிடித்து அளந்தாள். சமைக்கிறவர் உயரத்தைப் பார்த்துத்தான் மேடை போட வேண்டுமாம், இல்லாவிட்டால் பத்து வருஷத்தில் இடுப்பு போய்விடுமாம். “வீட்ல யாரு மேடம் சமையல்?”

“நான்தான்.”

பத்து வருஷம் என்று கேட்டதும் கிருத்திகாவுக்கு அலுப்பாக வந்தது. இன்னும் பத்து வருஷம் இருந்தாக வேண்டுமா என்ன.

ஹெப்பகோடி பக்கம் அவர்கள் வாங்கியிருந்த ஃபிளாட்டின் சாவி, இரண்டு வருஷத் தாமதத்துக்குப் பிறகு, போன மாதம்தான் கைக்கு வந்தது. வீடு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேலூரில் ரகுவின் வீட்டாரும் கிருஷ்ணகிரியில் அவள் வீட்டாரும் பேசிவைத்ததுபோல் ஒன்றையே சொன்னார்கள். எது சரியாகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுத்துப் பேசத் தெம்பில்லாமல்தான் கிருத்திகா சரி என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச்சொல்லிக் கடையிலிருந்து போன் வந்தபோதும் அதே சரிதான்.

காகிதக் கோப்பையில் காபி கொடுத்து, பெரிய டிவிக்கு முன்னால் சோபாவில் உட்காரவைத்தாள் லீனா. “ஒன்றரை வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணியிருந்தீங்க மேடம், ஞாபகம் இருக்கா? அத வெச்சு நானே உக்காந்து டிசைன் பண்ணேன். நோடி, பாருங்க, எப்படி வந்திருக்குன்னு.”

திரையில் அவர்களின் சமையலறை மெல்லச் சுழன்றது. இன்னும் வெறும் சிமென்ட்டாகக் கிடக்கிற அறை, அங்கே வெள்ளையும் சாம்பலுமாகப் பளபளத்தது. ஜன்னலுக்கு வெளியே, அந்த ஃபிளாட்டிலிருந்து ஒருநாளும் தெரியப்போகாத மரங்கள்கூட இருந்தன. அடுப்பைத் தாண்டி மூலைப் பக்கம் வந்ததும் படம் நின்றது. அத்தனை சாம்பல் நிறத்துக்கு அடியில், தரையை ஒட்டி, ஒரே ஒரு மஞ்சள் டிராயர். அதன்மேல் வெள்ளை எழுத்தில் ‘சின்னு’ என்று இருந்தது.

“இதுதான் ஸ்பெஷல்,” என்றாள் லீனா. அவள் குரலில் உண்மையான பெருமை இருந்தது. “நீங்க எழுதியிருந்தீங்களே மேடம். கீழ ஒரு சின்ன டிராயர் எங்க பொண்ணு சின்னுவுக்கு, அவளே தொறந்து மூடணும், வெரல் நசுங்கக் கூடாது, மஞ்சக் கலர்னா நல்லதுன்னு. யாருமே இப்படி எழுத மாட்டாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சுது. பாப்பாவ கூட்டிட்டு வரலியா?”

சின்னு செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. போன வருஷம் ஆகஸ்டில் மூன்று நாள் காய்ச்சல், டெங்கு என்றார்கள், நாலாம் நாள் அவள் இல்லை. ரெண்டு வயசும் ஒரு மாதமும்.

ஃபார்மை நிரப்பியது அதற்கு முந்தைய மே மாதம். ஈஜிபுரா வீட்டு அடுப்படியில் மேடைக்கு அடியில் கதவில்லாத ஓர் அலமாரி உண்டு. இட்லித் தட்டு, வடிகட்டி, குக்கர் மூடி என்று ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டால்தான் சின்னுவுக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். ஒருநாள் பக்கத்திலிருந்த மர மேஜையின் இழுப்பறையில் விரலை நசுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டினாள். அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஒரு கையால் போனில் தட்டச்சு செய்து நிரப்பிய ஃபார்ம் அது. கிருத்திகா அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். எல்லா இடத்திலும் சொல்லித் தீர்த்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். பால்காரரிடம் அவள்தான் சொன்னாள். க்ரெஷ்ஷில் சொன்னாள். தடுப்பூசிக்கு நாளாகிவிட்டது என்று போனில் அழைத்த பெண்ணிடம், மாதாமாதம் டயப்பர் அனுப்புகிறவர்களிடம், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம், எல்லோரிடமும் அவள்தான் சொன்னாள். அந்த ஒற்றை வாக்கியத்தை ரகு ஒருதடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. காரியம் முடிந்த மறுவாரமே துணிமணி, பொம்மை, தொட்டில் கம்பி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன், வெறுங்கையோடு வந்து குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். அன்றோடு பெயரும் போயிற்று. அவன் அழுது அவள் பார்க்கவில்லை. அதற்காக அவனை மன்னிக்கவே கூடாது என்று அவள் தினமும் காலையில் எழுந்து ஒருமுறை முடிவுசெய்வாள்.

இன்றைக்கு நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவன் சொல்லட்டும். எங்கள் குழந்தை செத்துவிட்டது என்று, ஒரே ஒருதடவை, என் காதுபட அவன் வாயால் வரட்டும். காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி காத்திருந்தாள்.

ரகு தொண்டையைச் செருமிக்கொண்டான். “அவங்க அத்தை வீட்ல விட்டுட்டு வந்தோம்,” என்றான். “இங்க வந்தா எல்லாத்தயும் தொறந்து பாப்பா. உங்களுக்குக் கஷ்டம்.”

லீனா சிரித்தாள். “பரவால்ல சார், நல்லா தொறக்கட்டும், அதுக்குத்தானே கடை! இப்ப எவ்ளோ வயசு? ஸ்கூல் சேத்தாச்சா?”

“மூணேகால் ஆவுது. ஜூன்ல ப்ரீ-கேஜி போட்டோம். மொத வாரம் ஒரே அழுகை. இப்ப வேன் வர்றதுக்கு முன்னாடியே ஷூ போட்டுட்டு உக்காந்துடறா.”

கிருத்திகா அவன் பக்கம் திரும்பினாள். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பொய் சொல்கிறவனின் பரபரப்பு எதுவும் இல்லை. கூச்சத்தில் ஏதோ உளறிவிட்டான், இதோ நிறுத்திவிடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் நிறுத்துகிறவனாக இல்லை.

“அவளுக்கு எடது கைப்பழக்கம்,” என்றான். “டிராயர் இந்தப் பக்கம் இருந்தா கை சுவர்ல இடிக்கும். கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?”

“கண்டிப்பா சார். உள்ள என்ன வெப்பா?”

“அவ டம்ளர். பாட்டில விட்டுட்டா, இப்ப டம்ளர்லதான் பால் குடிக்கிறா. ஸ்பூன், அப்புறம் ஒரு ரயில் பொம்மை இருக்கு, அதயும் கொண்டாந்து இதுலதான் வெப்பா. அவளுக்கு இன்னும் ‘ர’ வராது. லயில், லயில்னு சொல்லுவா.”

இடது கை நிஜம்தான். அதை அவன் கவனித்திருந்தான் என்பதே கிருத்திகாவுக்குத் தெரியாது. ஆனால் சின்னு கடைசி நாள்வரை பாட்டிலில்தான் பால் குடித்தாள். ரயில் பொம்மை எதுவும் அவளிடம் இருந்ததில்லை. ரயில் என்று சொல்கிற அளவுக்கு அவளுக்குப் பேச்சும் வந்திருக்கவில்லை, மொத்தமே பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான், அத்தனையும் கிருத்திகாவுக்கு மனப்பாடம்.

ஹேண்டில் மாடல்களை எடுத்து வருவதாகச் சொல்லி லீனா உள்ளே போனாள். திரையில் மஞ்சள் டிராயர் அப்படியே நின்றது.

“ரகு.”

“ம்.”

“லயில்னு எப்பலேந்து சொல்றா?”

தன்னைக் கிண்டல் செய்கிறாளா என்று பார்ப்பதுபோல அவன் அவளை ஒரு நொடி பார்த்தான். பிறகு குனிந்து, “தீபாவளிக்கு அப்புறம்,” என்றான் மெதுவாக. “ஆபீஸ் பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காருவா. எலக்ட்ரானிக் சிட்டி வர்ற வரைக்கும் பேசிட்டே வருவா.”

“தெனமுமா?”

“லீவு நாள்ல வரமாட்டா. பஸ் இல்லல்ல.”

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இந்த ஆள் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கிருத்திகா பார்த்திருக்கிறாள்! கல்நெஞ்சன் என்று எவ்வளவு திட்டியிருக்கிறாள்! இரண்டு வயதிலேயே நின்றுபோன ஒரு பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவள் தரையில் கிடந்த அதே நாட்களில், அடுத்த அறையில் அவன் ஒருத்தியை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்கு ஷூ மாட்டக் கற்றுக்கொடுத்து, பாட்டிலை மறக்கடித்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்துமிருக்கிறான். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“என்கிட்ட ஏன் ஒருநாளும் கூட்டிட்டு வரல?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பக்கத்துச் சமையலறையில் வேறு யாரோ டிராயர்களை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ அழுவ,” என்றான். “நீ அழுதா அவ போயிடுவா.”

அவள் அழவில்லை. அழுகை வருகிற இடத்தைத் தாண்டி எங்கோ வந்துவிட்டதுபோல் இருந்தது. இதுவரை அவளுக்கு ஒரு துக்கம் இருந்தது, அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லை என்ற கோபமும் இருந்தது. இனிமேல் கோபமும் இல்லை. அவளுடைய சின்னு செத்துப்போனவள். அவனுடைய சின்னு உயிரோடு இருக்கிறவள். அவளும் அவனும் ஒரே வீட்டுக்குக் குடிபோகப் போகிறார்கள், தனித்தனிப் பிள்ளைகளோடு. உண்மையைச் சொல் என்று இப்போது அவனிடம் எப்படிக் கேட்பது? அவன் சொல்லிவிட்டால் நாளைக்கு அந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் காலியாகிவிடும். அந்தப் பிள்ளையை இரண்டாம் முறையும் கொண்டுபோய்ப் புதைக்க அவளுக்குத் தெம்பில்லை. சொல்லாமலே விட்டால், ஒரு மாதத்தில் ஆட்கள் வந்து அந்த மஞ்சள் டிராயரை நிஜமாகவே மாட்டிவிட்டுப் போவார்கள். தினமும் அதன் முன்னால் நின்று அவள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

லீனா ஹேண்டில் மாடல்கள் இருந்த தட்டோடு திரும்பி வந்தாள். அதைச் சோபாவில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மேடத்துக்கு அளந்த மாதிரி பாப்பாவுக்கும் அளக்கணும். அவ உயரத்தப் பாத்துத்தான் டிராயர கொஞ்சம் மேல ஏத்தி ஹேண்டில் வெக்கணும், குனியவும் கூடாது, எக்கவும் கூடாது. கூட்டிட்டு வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். பரவால்ல, உத்தேசமா கைல காட்டுங்க சார்.”

ரகு எழுந்து நின்றான். கொஞ்சமும் யோசிக்கவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினான். “இவ்ளோ இருப்பா.”

கிருத்திகாவும் எழுந்தாள். எண்பத்துநாலு சென்டிமீட்டர். தடுப்பூசி அட்டையில் கடைசியாக எழுதியிருந்த எண், அதற்குக் கீழே இருந்த கட்டங்கள் எல்லாம் காலி. ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தாள். கைதான் போயிற்று. அவன் கைக்குப் பக்கத்தில், அரைச்சாண் கீழே, அவள் உள்ளங்கை போய் நின்றது.

லீனா ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். “சரி சரி, அப்பாவுக்குப் பொண்ணு எப்பவும் பெருசாத்தான் தெரிவா,” என்று சிரித்தாள். “எது மேடம், நீங்களே சொல்லுங்க.”

லீனா டேப்பின் நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு மெல்ல மேலே இழுத்தாள். அது கிருத்திகாவின் உள்ளங்கையைத் தொட்டு, அங்கே தயங்கி நின்றது. அதற்கு அரைச்சாண் மேலே ரகுராமின் கை, கலைந்த முடியை ஒதுக்கிவிடுவதுபோல், லேசாக அசைந்துகொண்டிருந்தது.