நனையாத அட்டை

காரின் முன்பிரேக்குக்கு அடியில் போட்டிருந்த அட்டை மறுபடியும் எண்ணெயில் நனைந்திருந்தது. தேநீர்க் கோப்பையோடு கேரேஜுக்குள் போன எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் ஒழுகுது," என்றேன்.

"தெரியுது," என்றான் லயனல். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கை மேசை விளிம்பில். என் கணவன் இப்போதெல்லாம் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான். சக்கரத்தைக் கவ்வுற காலிப்பர் பழசு, க்வெண்டா. குளிர்காலம் பூரா சும்மா கெடந்தா உள்ள பிஸ்டன் துருப்பிடிக்கும். துரு ரப்பர் சீல் வளையத்தைத் தின்னுடும்."

"புது சீல் எத்தனை தடவ வாங்கிக் குடுத்தாச்சு. அதையுமா தின்னுது?"

அவன் கைத்தடி நுனியால் அட்டையை ஓரமாகத் தள்ளினான். கல்லுளிமங்கன். சுத்தியலால் அடித்தாலும் வாய் திறக்காது.

இந்தக் கார் உதிரி பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தது. அதை ஒவ்வொரு திருகாக முறுக்கிக் கட்டியவன் அவன்தான். கூரை கிடையாது, கதவும் கிடையாது. குளியல் தொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். காலைத் தூக்கிப் பக்கச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். எடை குறைய வேண்டும் என்பதற்காகக் கம்பளம்கூடப் போடாதவன், ஷ்ராப்ஷயர் மலைப்பாதையில் அதை ஓட்டும்போது மட்டும் சின்னப் பையன் மாதிரி சிரிப்பான்.

போன அக்டோபரில் டாக்டர் அவன் நோய்க்குப் பெயர் சொன்னார். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், கால் முதலில், கை பிறகு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. வீட்டுக்கு வந்து கெட்டிலைப் போட்டுவிட்டு அவன் சொன்னது இதுதான்: "ஏப்ரல் ஓட்டத்துக்கு என் வண்டிய நானே ஓட்டிக்கிட்டுப் போகணும். அதுக்கப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

குளிர்காலத்தில் சாலையில் தூவிய உப்பை மழை கழுவிய பிறகு, எங்கள் கார் கிளப் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக வண்டியை வெளியே எடுக்கும் நாள் அது. அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. நானும் அந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கிளப் நண்பன் நெவில் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன கிழவா, உன் வண்டிக்கு இன்னும் மூத்திரம் நிக்கலையா? தள்ளு, நான் பாக்குறேன்."

"என் பிரேக்குல எவனும் கை வைக்கக் கூடாது."

"சரிப்பா சரி. நீயே போடு, நீயே ஓட்டு."

அது எங்கள் கூட்டத்தில் சட்டம் மாதிரி. பிரேக்கைப் பிரித்துப் போட்டவர்தான் வண்டியை முதலில் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தவர் உயிரை வைத்துச் சோதிக்கக் கூடாது.

மறுநாள் நெவில் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். இதுதான் சமயம் என்று நான் வேலையில் இறங்கினேன். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் கை பழகியிருந்தது. காலிப்பரைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். துருவாம் துரு. கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதைச் சுற்றியிருந்த சீல் மட்டும் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

மேசை இழுப்பறையைத் திறந்தேன். நான் வாங்கிக் கொடுத்த புது சீல் பாக்கெட்டுகள் அத்தனையும் பிரிக்காமல் அடியில் இருந்தன. ஒவ்வொரு தடவையும் பழையதையே திரும்ப மாட்டியிருக்கிறான்.

ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். நிற்காத வண்டியில் ஏறி மலைச் சரிவில் இறங்கிவிடலாம் என்று பார்க்கிறானா? மூச்சுத் திணறிச் சாவதைவிட அது மேல் என்று நினைத்துவிட்டானா? இரண்டு பக்கமும் புது சீல்களை மாட்டினேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நெவிலை வாசலிலேயே நிறுத்திவிட்டு லயனலை உள்ளே கூப்பிட்டேன். பிரேக் சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் அவன் முகம் எப்படிப் போகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

"பிரேக்குக்குப் புது சீல் நான் மாட்டிட்டேன். எண்ணெய்க் குழாய்ல இருக்கிற காத்த எடுக்கணும். நீ ஏறி உக்காந்து பெடல அழுத்து, நான் கீழ பாத்துக்கறேன்."

"நீதானே எப்பவும் அழுத்துவ."

"இன்னிக்கு நீ அழுத்து."

"நெவிலைக் கூப்பிடு."

"வண்டி உன்னோடது. ஏறு லயனல்."

கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு வந்தான். பக்கச் சுவரை இரண்டு கையாலும் பிடித்தான். வலது கால் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டு இறங்கியது. கால்சட்டைத் துணியைப் பிடித்துக் காலைத் தூக்கினான். முட்டி சுவரில் இடித்தது. அதற்கு மேல் போகவில்லை. குளிர்காலம் முழுக்க நான்தான் அந்த இருக்கையில் உட்கார்ந்து பெடலை அழுத்தினேன். அவன் ஒரு தடவைகூட ஏறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே தெரியும்," என்றான். "நீ தூங்கிட்டு இருந்தப்ப ஏறிப் பாத்தேன். முடியல."

"ஏன்டா சொல்லல?"

"ஒழுகிட்டு இருந்த வரைக்கும் வண்டிக்குத்தான் உடம்பு சரியில்ல, க்வெண்டா. எனக்கில்ல."

"பாவி. நீ சாகப் போறேன்னு நெனச்சேன்."

"அதுக்கு நான் எதுக்கு மெனக்கெடணும்? அது தானா வருது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது. உண்மையில் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பழைய சீல்களை நான் அப்படியே விட்டிருக்கலாம்.

நெவில் உள்ளே வந்தான். வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். "நான் தூக்கி சீட்ல உக்கார வைக்கிறேன்."

"ஏத்திடுவ. பெடல யார் மிதிப்பா?" என்ற லயனல் என்னைப் பார்த்தான். "போட்டவங்கதானே முதல்ல ஓட்டணும். போ."

நெவில் பெடலை அழுத்த, நான் காற்றை எடுத்து முடித்தேன். சக்கரம் மாட்டினோம். மலையுச்சி வரை தனியாகப் போய், இறக்கத்தில் பலம்கொண்ட மட்டும் மிதித்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

அவன் கேட்டருகே நாற்காலியில் காத்திருந்தான். "எப்படி நின்னுச்சு?"

"நேரா."

தலையை ஆட்டினான். முன்சக்கரங்களுக்கு அடியில் புது அட்டை போடச் சொன்னான், போட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது படுக்கையில் அவன் இல்லை. கேரேஜில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அட்டை மடியில் இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. டாக்டர் சொன்ன அன்றுகூட அழாதவன், அதைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தான்.