இருளப்பசாமி காட்டு ஏத்தம்

அருப்புக்கோட்டையில் மலை இல்லை என்பது நாற்பத்தாறு வயது வரைக்கும் ஆனந்தகுமாருக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பாத்திரக்கடைக்காரருக்கு மலை எதற்கு? சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, தெரிந்தவர்கள் முன்னால் கையை வீசி நடக்கக் கூச்சப்பட்டு, கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிய பிறகுதான் வினை பிடித்தது. மதுரையில் ஒரு சைக்கிள் குழு இருந்தது. அதில் சேர்ந்தார்.

குழு சிறுமலைக்குப் போனது. குரங்கணிக்குப் போனது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய சாலையில் போனது. எங்கே போனாலும் ஆனந்தகுமார்தான் கடைசி. அவர் மேலே போய்ச் சேரும்போது மற்றவர்கள் கீழே இறங்க ஆரம்பித்திருப்பார்கள். குழுவில் யார் முகமும் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதுகைக் காட்டினால் பெயர் சொல்லிவிடுவார்.

குழுவை நடத்துகிற சுபத்ரா, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு விதி வைத்திருந்தார்: பாதை என்றால் காடு, மலை, ஆறு மூன்றும் இருக்க வேண்டும். ஒருநாள் மலையடிவாரத்தில், எல்லோரிலும் வேகக்காரனான சதீஸ்குமார் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தான்.

"அண்ணே ஊர்ப்பக்கம் ஒரு ரைடு போவமா? கருவேல முள்ளும் வெயிலும் ஃப்ரீயாக் கெடைக்கும்."

"ஏன், எங்க பக்கம் காடு இல்லையா, மலை இல்லையா, ஆறு இல்லையா? வந்து பாரு" என்றார் ஆனந்தகுமார். அவருடைய வாய்க்கு மட்டும் மூச்சே வாங்காது.

"அப்ப அடுத்த ரைடு அங்கதான்" என்றார் சுபத்ரா, சிரிக்காமல்.

விளையாட்டாகச் சொன்னது என்று பின்வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. மிதிக்கத்தான் தெரியவில்லை, கூட்டிக்கொண்டு போகவாவது ஒரு பாதை தன்னிடம் இருக்கட்டும் என்று ஓர் ஆசை. இதுவும் இல்லையென்றால் அந்தக் குழுவில் தான் எதற்கு என்ற கேள்வி, வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் பின்சக்கரத்தோடு சேர்ந்து உருண்டது.

"மலைக்கு எங்க போவீக? நம்ம கடை எவர்சில்வர் அண்டாவக் கவுத்தி வைங்க" என்றாள் மனைவி கிருஷ்ணப்ரியா.

ஆறு இருந்தது. திருச்சுழிப் பக்கம் குண்டாறு. காடும் அகப்பட்டது, ஆற்றுக்குப் போகிற ஒரு கிளைச்சாலையில் இருளப்பசாமி கோயில் காடு. சுற்றிலும் கருவேலம் மண்டிய பொட்டலில் அது மட்டும் உசிலையும் இலுப்பையும் வேம்புமாக இருண்டு நின்றது. சாலை அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. மலைதான் அகப்படவில்லை. நாலுவழிச் சாலை மேம்பாலத்தைக்கூட ஒரு கணம் ஆசையோடு பார்த்தார்.

பாதை பார்க்கப் போன அன்று சாயங்காலம், அந்தக் காட்டுக்குள் எதிர்க்காற்றில் முக்கி மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டார். முன்னால் மூன்று பேர் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவரும் தள்ளிக்கொண்டுதான் வந்தார். எதிரே வருகிறவருக்கு அது இறக்கமாக அல்லவா இருக்க வேண்டும் என்று வேறு யாருக்கானாலும் தோன்றியிருக்கும். ஆனந்தகுமாருக்குத் தோன்றவில்லை. உள்ளூர்க்காரனே இறங்கித் தள்ளுகிறான் என்றால் எவ்வளவு பெரிய ஏற்றமாக இருக்க வேண்டும்! அவருக்கும் மூச்சு இரைத்தது. அதைவிட வேறு சாட்சி எதற்கு? அங்கேயே ஒற்றைக் காலை ஊன்றி நின்று, கைபேசியில் குழுவுக்குத் தட்டினார்: 'ஏத்தம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். உள்ளூர் ஆட்களே மிதிக்க முடியாமல் தள்ளுகிறார்கள்.'

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரை ஒட்டிய பாளையம்பட்டியில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் அந்த இறுக்கமான உடுப்புகளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தினசரியைப் பிரித்தார்கள். அன்றைக்கு வழி தெரிந்தவர் ஆனந்தகுமார் ஒருவர்தான் என்பதால், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வந்தார்கள். முதுகில் எட்டு ஜோடிக் கண்கள் இருப்பது புது அனுபவம். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டே ஓட்டினார்.

கிளைச்சாலையில் திரும்பிக் காட்டுக்குள் நுழைந்தார்கள். வெயில் சட்டென்று அணைந்தது. எதிர்க்காற்றும் அன்றைக்கு இல்லை. சக்கரங்கள் வழவழவென்று ஓடின.

"அண்ணே, ஏத்தம் எப்ப வரும்?" என்றான் சதீஸ்குமார்.

"இதுதான்..."

"எது?"

சதீஸ்குமார் மிதிப்பதை நிறுத்திக் காட்டினான். சைக்கிள் முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் வரவில்லை. அம்மிக்கல் மாதிரி சமமான சாலையில் மெல்ல நின்றது. ஆனந்தகுமாருக்குக் காது மடல் சுட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் பழைய லேடீஸ் சைக்கிளில், இரண்டு பக்கமும் காலி பிளாஸ்டிக் குடங்கள் மோதிச் சடசடக்க வந்தாள். வந்தவள் சாலையோரத்து எல்லைக்கல்லைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினாள். இடுப்பில் சொருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, தள்ளத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி, எறங்குங்க. வெளியூரா? சாமி எல்லையில ஏறிப் போகக் கூடாது."

எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஆனந்தகுமாரைப் பார்த்தார்கள்.

சதீஸ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "இதத்தான் மலைன்னீங்களாண்ணே! சாமிக்கு எறங்குனவுகளப் பாத்துட்டு..." சொல்லி முடிக்க முடியவில்லை. "நான் இதுக்கெல்லாம் இறங்க மாட்டேன், ஸ்பீடு போயிரும்" என்று மிதித்துப் பறந்துவிட்டான்.

அவன் டயர் வெடிக்கும் என்று ஆனந்தகுமார் மனதுக்குள் ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தார். வெடிக்கவில்லை. சாமி அசந்து தூங்கியிருக்க வேண்டும். அவர் இறங்கினார். இனிமேல் இழப்பதற்கு என்ன இருக்கிறது? சுபத்ராவும் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். சைக்கிள் ஷூக்களின் அடிக்கட்டை தாரில் டக்கு டக்கு என்று அடித்தது.

"என்ன அண்ணாச்சி, லாடம் அடிச்சிருக்கீக?" என்றாள் அந்தப் பெண். பெயர் முத்துப்பேச்சி என்று சுபத்ரா கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஏன் முத்துப்பேச்சி, எதுக்கு இறங்கணும்?"

"எங்க மாமியா சொல்லும், சாமி ராவெல்லாம் வேட்டைக்குப் போயிட்டு வந்து படுத்திருக்கும், மணிச் சத்தம் ஆகாதுன்னு. எங்க வீட்டுக்காரரு வேற சொல்லுவாரு. இறங்காமப் போன வண்டியில மாடு படுத்துக்கிருச்சாம், மூணு நாளா எந்திரிக்கலையாம்."

"உனக்கு எது சரின்னு படுது?"

"எனக்கா? இம்புட்டு நேரம் மிதிச்ச காலு கொஞ்சம் ஆறுதுல்ல. சாமிக்கு அது தெரியும்."

அதன் பிறகு கேள்வி கேட்பது எல்லோரையும் தொற்றிக்கொண்டது. அந்த மரம் என்ன, ஏன் யாரும் ஒரு சுள்ளிகூட ஒடிக்கவில்லை, பஸ்ஸு வந்தால் என்ன செய்யும்? பஸ் நிற்காது, ஆனால் உள்ளே ஓடுகிற சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுப் போகும் என்றாள் முத்துப்பேச்சி. டிரைவர் புதுசு என்றால் கண்டக்டர் சொல்லிக் கொடுப்பாராம். எங்கோ செம்போத்து ஒன்று குடத்துக்குள் கத்துகிற மாதிரி கத்தியது.

பக்கத்தில் நடந்தவர்களை ஆனந்தகுமார் திருட்டுத்தனமாகப் பார்த்தார். ஒருத்தருக்கு மூக்கில் மச்சம். இன்னொருத்தருக்குத் தெத்துப்பல். சுபத்ரா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஏத்தம் பயமே இல்ல ஆனந்த். இறக்கம்தான். பிரேக்கப் பிடிச்ச கை ராத்திரி வரைக்கும் நடுங்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"எனக்கு ஏத்தம், இறக்கம், சமதரை மூணுமே பயம் மேடம்."

சுபத்ரா வாய்விட்டுச் சிரித்தார். சாமி எழுந்துகொள்ளப் போகிறது என்று முத்துப்பேச்சி உதட்டில் விரல் வைத்தாள்.

காட்டின் மறுமுனையில் சதீஸ்குமார் தனியாக வெயிலில் நின்றிருந்தான். பேச ஆள் இல்லாமல் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தவன், பொறுக்காமல் திரும்பி இவர்களை நோக்கி வந்தான். மர நிழல் தொடங்குகிற இடத்தில், யாரும் சொல்லாமலே இறங்கி உருட்டிக்கொண்டு வந்தான்.

"இவ்வளவு நேரம் என்னதான் பண்றீங்க?"

"பேசிக்கிட்டு வாரோம்" என்றார் தெத்துப்பல்காரர். மாடு படுத்த கதையையும் பஸ் கதையையும் அவனுக்குச் சொன்னார்.

குண்டாற்றில் மணல்தான் ஓடியது. முத்துப்பேச்சி ஆற்றின் நடுவே உட்கார்ந்து, ஏற்கெனவே தோண்டியிருந்த ஊற்றில் கலங்கலை இறைத்து வெளியே விட்டாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்த நீர் அடியிலிருந்து கசிந்து வந்தது. குனிந்து நின்ற சதீஸ்குமார், "எங்கருந்துக்கா வருது?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். அவள் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்ததைக் குடித்தான். இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

தீர்ப்புக்காக ஆனந்தகுமார் மணலில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மலை கிடையாது" என்றார் சுபத்ரா. "விதின்னா விதி. நம்ம பாதைகள்ல இதைச் சேர்க்க முடியாது ஆனந்த்."

"சரிங்க மேடம்."

"சேர்க்காமலே வரலாம்ல? நான் பஸ்ஸுல கண்டக்டர் எப்படிச் சொல்லுவாருன்னு பார்க்கணும். மழை பெஞ்ச பிறகு இந்த ஆத்தையும் பார்க்கணும்."

"அண்ணே, அந்த மாடு படுத்த கதைய அவுக வீட்டுக்காரர்கிட்டயே கேக்கணும். அடுத்த வாரம் நான் வாரேன்" என்றான் சதீஸ்குமார்.

ஆனந்தகுமார் மணலில் கிழித்த கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

அவர்கள் கரையேறிச் சைக்கிளில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தபோது, குடங்களைத் தூக்கிக் கட்ட அவர் முத்துப்பேச்சிக்குக் கைகொடுத்தார்.

"இவுக எல்லாம் எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் வந்தாக?"

"மலை பாக்கக்கா."

அவள் நாலு திக்கும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தரை படுத்துக் கிடந்தது.

"பாத்தாகளா?"

"இல்ல. மறுபடி வாராகளாம்."

"நல்ல கூட்டந்தான்" என்று சொல்லி, அவள் சேலையைத் தூக்கிச் சொருகினாள்.