இடப்பக்கத்துக் குரல்

பேபி டீச்சரின் இசைத்தட்டைப் பழைய புடவை ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் கணவர் ஏசுபாதம் வந்தார். 1999 ஆகஸ்ட் மாதம். இரும்புலியூர் மாதா கோயிலுக்கு வெள்ளி விழா வருகிறது, தட்டில் இருக்கும் பாட்டுகளை சிடியாக்கித் தர வேண்டும் என்றார். அந்த வட்டாரத்தில் வீட்டிலேயே இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஆள் அருள்மேரி ஒருத்திதான். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். மற்ற நேரத்தில் இது. வேறு ஆள் இருந்திருந்தால் ஏசுபாதம் அவள் வாசலை மிதித்திருக்க மாட்டார்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம் பழுத்துப் போயிருந்தது. 'மாதா கீதங்கள். பாடியவர்: பேபி ஏசுபாதம், குழுவினர்.' குழுவினர் என்றால் அருள்மேரி. வேறு யாரும் இல்லை.

1983இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. பாடகர் குழுவை ஏசுபாதம் நடத்திக்கொண்டிருந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவை அரை நாளுக்கு எடுத்து, ஒரு மைக்கின் முன்னால் மனைவியையும் இன்னொரு மைக்கின் முன்னால் அருள்மேரியையும் நிறுத்தினார். பேபி குரல் மேல் ஸ்தாயியில் நிற்காது, நீ கூடப் பாடித் தாங்கிக்கொள் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட வேலை. அவள் தாங்கினாள். தட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலைப் பூசைக்கு முன்னாலும் கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில் அது பாடியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூடப் பேபியின் குரலைப் புகழ்ந்தார்கள். ஸ்பீக்கரில் கேட்டது தன் குரல் என்று அருள்மேரிக்குத் தெரியும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே ஒருமுறை சொன்னாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலியானபோது இருவரும் மனுப் போட்டார்கள். தட்டில் கேட்கிற குரல் என்னுடையது என்று நேர்முகத் தேர்வு நடத்தியவர்களிடம் அவள் சொல்ல, அவர்கள் ஏசுபாதத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கோரஸில் நாலு வரி பாடின பெண், பொறாமையில் பேசுகிறாள் என்றார் அவர். அன்று முதல் பேபி, பேபி டீச்சர் ஆனார். அருள்மேரி பாடகர் குழுவை விட்டாள். வீட்டில்கூட அவள் பாடிக் கேட்டதில்லை என்று அவள் கணவன் சின்னப்பன் சொல்வான்.

இப்போது தட்டு அவள் மேஜையில் இருந்தது.

தட்டைத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. வண்டி போனால் தரை அதிர்ந்து முள் தாவும். அதனால் மணல் நிரப்பிய அகலமான அலுமினியத் தட்டின் மேல்தான் டர்ன்டேபிளை வைத்திருந்தாள். அதிலிருந்து வரும் ஒயர் நுனியில் இரண்டு பிரிவு. வெள்ளை பின் இடப்பக்கத்து ஒலிக்கு, சிவப்பு பின் வலப்பக்கத்துக்கு. இரண்டையும் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரில் செருகி, முள்ளை இறக்கினாள்.

மானிட்டரில் இரண்டு பச்சைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. பாட்டு முடிந்ததும், கீறல் சத்தத்தை எடுப்பதற்காக ஒவ்வொரு கோட்டையும் தனியாகக் கேட்டாள். மேலே இருந்தது இடப்பக்கம். ஆர்மோனியமும் அவள் குரலும் மட்டும். பத்தொன்பது வயதுக் குரல், ஒரு பிசிறு இல்லை. கீழே வலப்பக்கம். தபேலாவும் பேபியும். தனியாகக் கேட்டால் பேபி ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் தாமதமாக வந்தார். மேலே போகவேண்டிய இடத்தில் பாதி வழியில் நின்றுவிட்டார். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அது தெரியவே இல்லை.

ஸ்டூடியோக்காரர் ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார். சரி, ஆனால் கோயில் ஸ்பீக்கரில் ஏன் தன் குரல் மட்டுமே கேட்டது? கொஞ்ச நேரம் யோசித்தபின் அவளுக்கு சேட்டுவின் ஞாபகம் வந்தது.

கோயிலுக்கு மைக் செட் போடுபவன் சேட்டு. அவன் ஆம்ப்ளிஃபயரில் ஒரே ஒரு ஒயருக்குத்தான் இடம். இரண்டு பின் வந்தால் வெள்ளையைச் செருகுவான், சிவப்பின்மேல் கறுப்பு டேப் சுற்றித் தொங்கவிடுவான். தொழில் கற்கும்போது சிவப்பு ஒயரைத் தொட்டு ஷாக் அடித்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். சிவப்பு என்றால் கரண்ட் என்பது அவன் முடிவு. ஆக, பதினாறு வருஷமாக ஊருக்குக் கேட்டது இடப்பக்கம் மட்டும். ஸ்பீக்கரில் பேபியின் குரலை இரும்புலியூர் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் மாலை அவள் ஏசுபாதத்தின் வீட்டுக்குப் போனாள். சிடி அட்டையில் தன் பெயரையும் போட வேண்டும் என்று கேட்டாள். இரண்டாவது பெயராக இருந்தால் போதும் என்றும் சொன்னாள். இவ்வளவு வருஷம் கழித்துப் பெயரை மாற்றினால் சனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார் ஏசுபாதம். பேபி டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"கல்யாணப் பத்திரிகையில பந்தல்காரன் பேரைப் போடுவாங்களா, அருள்மேரி?"

அருள்மேரி டம்ளரில் இருந்த காபியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து டர்ன்டேபிளின் பின்பக்கம் குனிந்தாள். வெள்ளை பின்னை சிவப்பு இருந்த இடத்திலும், சிவப்பை வெள்ளை இருந்த இடத்திலும் செருகினாள். தட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பதிவு செய்தாள்.

சின்னப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். "இன்னா பண்ற?"

"ஒண்ணும் அழிக்கல. ஒண்ணும் சேக்கல. இடத்த மாத்தினேன்."

மாதிரி சிடியை ஏசுபாதம் வீட்டு டெக்கில் இரண்டு ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டார்கள். தட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று ஏசுபாதம் சந்தோஷப்பட்டார். கம்ப்யூட்டர்காரி ஆனாலும் கை சுத்தம் என்று பேபி டீச்சர் சொன்னதாகவும் தெரிவித்தார். அதன்பின் அவள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் உட்கார்ந்து விற்பனைக்கான சிடிகளை எழுதினாள். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத சிடிகள். அட்டைப்பெட்டி நிறைந்தது. மேலட்டையை அச்சடிக்கும் வேலையை ஏசுபாதம் தாம்பரத்தில் ஒரு பிரஸ்ஸிடம் கொடுத்திருந்தார். விழா முடிந்துதான் அது வரும்.

விழா அன்று மேடையில் ஃபாதர் முதல் சிடியின்மேல் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பேபி டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சேட்டு புதிய சிடி பிளேயரின் வெள்ளை பின்னை ஆம்ப்ளிஃபயரில் செருகினான். சிவப்பில் டேப் சுற்றினான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அருள்மேரி அவன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்மோனியம் இல்லை. தபேலா தனியாகத் தொடங்கியது. பிறகு அந்தக் குரல், தாமதமாக. முதல் சரணத்தில் மேலே ஏறப் பார்த்து, முடியாமல், பக்கத்தில் எங்கோ இறங்கியது. குழாய் ஸ்பீக்கர் அதை ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுபோயிற்று. முன்வரிசையில் முனியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, டீச்சருக்கு இன்னாடி ஆச்சு என்று கேட்டது இரண்டு வரிசை தாண்டிக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் அந்த ஏறாத இடத்தைத் திருப்பிப் பாடிச் சிரித்தார்கள். மேடையில் பேபி டீச்சர் பொன்னாடையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் குரல் தனியாக எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது. சிடியில் ஏதோ கோளாறு, டீச்சரே ஒரு சரணம் பாடட்டும் என்று ஃபாதர் மைக்கை நீட்டினார். தொண்டை சரியில்லை என்று டீச்சர் கையால் சைகை காட்டினார்.

அருள்மேரி பாட்டு முடியும்வரை இருந்து, பந்தியில் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் பேபி டீச்சர் தனியாக வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ரெண்டு பக்கத்தையும் மாத்திட்ட. அவர் ஹெட்போன்ல கேட்டுக் கண்டுபிடிச்சார்."

"ரெண்டு பேரும் அதே சிடியிலதான் கீறோம், டீச்சர். பந்தல்காரன் போட்ட பந்தல எடுத்துட்டா வெயில் அடிக்கத்தான செய்யும்."

"மத்த சிடியெல்லாம்?"

"எல்லாம் எழுதியாச்சு. அத அழிக்க முடியாது."

பேபி டீச்சர் மேஜைமேல் இருந்த டர்ன்டேபிளையும் அதன் அடியில் இருந்த மணலையும் பார்த்தார். "உனக்கு வேண்டியது உன் பேருதானே?"

"ஆமா."

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அருள்மேரி சமையல் செய்துகொண்டே முணுமுணுத்தாள். அது பாட்டு என்று புரிய சின்னப்பனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மேஜை போட்டு சிடி விற்றார்கள். அருள்மேரி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பளபளப்பான அட்டை, மாதா படம். கீழே கொட்டை எழுத்தில்: 'பாடியவர்: அருள்மேரி.' திருப்பிப் பார்த்தாள். வேறு பெயரே இல்லை. குழுவினர்கூட இல்லை. பூசை முடிவில் ஏசுபாதம் மைக்கில் அறிவித்திருந்தார்: பழைய தட்டில் நடந்த பிழையை இத்தனை வருஷம் கழித்துத் திருத்திவிட்டோம், விழாவில் நீங்கள் கேட்ட குரல் நம் அருள்மேரியுடையது, அவளே கேட்டுக்கொண்டதால் இதைச் சொல்கிறோம்.

மேஜைக்குப் பின்னால் பேபி டீச்சர் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். "எழுத்து பெருசாப் போடச் சொன்னேன்," என்றார். "போதுமா?"

முனியம்மா அவள் தோளைத் தட்டி, பரவாயில்ல விடு, எல்லாருக்குமா குரல் வரும் என்று ஆறுதல் சொன்னாள்.

கம்ப்யூட்டரில் முதலில் செய்த சரியான பதிவு இருந்தது. அதை ஒரு சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு அருள்மேரி சேட்டுவின் கடைக்கு ஓடினாள். இனிமேல் பூசைக்கு முன்னால் இதைப் போடு என்றாள். அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். ஃபாதர் மந்திரித்த சிடியைத் தவிர வேறு எதையும் போடக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மந்திரித்ததை எடுத்துவிட்டு மந்திரிக்காததை மாதா கோயிலில் போட்டால் பாவம் இல்லையா?

"சரி, அதையே போடு சேட்டு. வெள்ளைய எடுத்துட்டு செவப்பு ஒயர மாட்டு. அது மட்டும் செய். அதுலதான் என் குரல் கீது."

சேட்டு தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பழைய சுட்ட தழும்பு அப்படியே இருந்தது.

"நீ வேற இன்னா வேணா கேளுக்கா," என்றான். "செவப்ப மட்டும் நான் தொட மாட்டேன்."

மறுநாள் பொழுது விடிந்ததும் ஸ்பீக்கர் கரகரத்தது. தபேலா தொடங்கியது.