ரோசாப் பாத்தியின் காவற்கல்

கீழ்வானம் வெளுத்து, துறைமுகத்துப் புகைக்கூண்டுகள் ஒவ்வொன்றாகத் துலங்கி, கடற்காற்று ஆற்றோரமாக ஏறிவந்து ஊசியிலை மரங்களை அசைத்துக்கொண்டிருந்த இளவேனிற் கடைநாளின் விடியலில், எங்கள் நகர்ப்பூங்கா ஒரே மண்ணில் இரு நாடுகள் போலக் கிடந்தது. வடபால், மேலைப் பாங்கில் நேர்நேராய் ஓடும் நடைவழிகளும், வட்ட நீரூற்றும், அதைச் சூழ்ந்த நாற்பது ரோசாச் செடிகளும். தென்பால், எங்கள் யப்பானியப் பாங்கில் வளைந்த குளமும், கல்விளக்கும், பாசி படர்ந்த மேடுகளும். இரண்டையும் ஒருங்கே வகுத்த பெரியவர் நடுவில் வேலியிட மறந்துவிட்டார் என்பார் சிலர். மறக்கவில்லை என்பதே என் துணிபு.

வேலியில்லாக் குறையைத் தோட்டக்காரர் இருவரும் தீர்த்துவைத்தனர். வடபாதிக்குரிய கன்சுகேவுக்குப் பாசி களை; தென்பாதிக்குரிய கைம்பெண் குமேவுக்குப் புல் களை. அவர் பிடுங்கி எறிந்த பாசியை இவள் ஈரக் கந்தையில் பொதிந்து, அவர் காதுபடத் திட்டிக்கொண்டே எடுத்துப்போவாள். "உங்க பூவு சம்பந்தி வீட்டம்மா மாதிரிண்ணே, எப்பப் பாத்தாலும் சிங்காரிச்சுட்டே நிக்குது" என்பாள். உன் பாசி குளிக்காத பிள்ளை என்பார் அவர். இருபதாண்டாக இதே சண்டை. ஒருவர் வாராத நாளில் மற்றவருக்குக் கை ஓடாது.

போர் முற்றி அரிசி அருகியபோது, கிழங்கு நட வட்ட அலுவலகத்தார் புல்வெளியைக் கேட்டனர். கன்சுகே மறுசொல்லின்றித் தாமே மண்வெட்டியெடுத்துக் கொத்திக் கொடுத்தார். ஆனால் அந்த இளவேனில் விடியலில் வந்த ஆணை வேறு. ரோசா பகைவன் நாட்டுப் பூவாம். வேரோடு அகழ்ந்து எரிக்க வேண்டுமாம். அவ்விடத்தில் நடுவதற்கோ ஒன்றுமில்லையாம். பசிக்குக் கேட்டால் கொடுக்கலாம், அன்பரே. வெறுப்புக்குக் கேட்டால் எதைக் கொடுப்பது? கடற்போரில் மகனை இழந்த அக்கிழவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நீரூற்றின் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

வட்டத்து அலுவலர் நிராசாவா, மண்வெட்டி ஏந்திய அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபதின்மரோடு வந்தார். ரோசாப் பாத்தியின் வாயிலில் பெண்கள் சட்டென நின்றனர். நடைவழியின் நடுவே, கருங்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டிய கையளவுக் கல்லொன்று கிடந்தது. குளக்கரைத் தோட்டங்களில் 'இதற்கப்பால் வரற்க' என்பதற்கு வைக்கும் காவற்கல் அது. சிறு பிள்ளையும் தாண்டக்கூடிய அதனை எங்கள் மக்களில் எவரும் தாண்டியதில்லை. கல்லுக்கு அப்பால் குமே நின்றாள்.

"குமேயம்மா, இது உங்க பக்கத்துக் கல்லு. இங்க எதுக்கு வந்துச்சு?" என்றார் நிராசாவா.

"என் பக்கம் எதுவரைக்கும்னு காட்டுங்கய்யா. நானும் இருபது வருசமாத் தேடுறேன்."

"இது பகையாளி பூவு."

"பூவு எந்த ஊரோ எனக்குத் தெரியாதுங்க. தண்ணி நம்ம கெணத்துத் தண்ணி, எரு நம்ம ஊர்க் குதிரை போட்டது, முள்ளு குத்துனது கன்சுகே அண்ணன் கையில. இதுல எதைப் பகையாளிக்குக் கொடுக்கப் போறீங்க?"

பெண்கள் கூட்டத்தில் அடக்கிய சிரிப்பொன்று ஓடிற்று. உள்ளே புகுமாறு அலுவலர் ஏவினார், ஒருத்தியும் அசையவில்லை. மீண்டும் ஏவினார். தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்பவன் மனைவி தலைதாழ்த்தி, மிகப் பணிவாகச் சொன்னாள்: "கல்லு இருக்குதுங்களே."

சினந்த நிராசாவா கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தாமே உள்ளே புகுந்து அகழ்ந்தார். முள் சட்டைக்கையைக் கிழித்தது, உள்ளங்கை கொப்புளித்தது, இருபது பெண்களும் மண்வெட்டிகளை ஊன்றிப் பார்த்து நின்றனர். நண்பகலுக்குள் மூன்று செடிகளையே அவரால் பறிக்க முடிந்தது. நாளை காவலரோடு வருவதாகவும், குமேயின் வேலை போயிற்று என்றும் சொல்லி அகன்றார். "சரிங்க" என்று முறைப்படி குனிந்து வணங்கினாள் அவள்.

வேலை போன குமே மறுநாளும் விடியலில் வந்தாள். ரோசாப் பாத்திக்குச் செல்லும் எட்டு வழிகளிலும் எட்டுக் கற்கள் கிடந்தன. ஒன்று இடைக்கச்சைக் கயிற்றால், ஒன்று மீன்வலை நூலால், ஒன்று மரச்செருப்பின் வாரால் கட்டப்பட்டிருந்தது. எட்டும் கட்டிப் பழகாத கைகள் போட்ட தவறான முடிச்சுகள். பாசியில் ஒரு புல் முளைத்தாலும் பொறாத குமே அவற்றுள் ஒன்றையும் திருத்தவில்லை. காவலர் வந்தனர், பார்த்தனர், இது தம் வேலையன்று எனத் திரும்பினர். ரோசா அகற்றப்பட்டதென்று நிராசாவா மேலிடத்துக்கு எழுதினார். மூன்று செடிகள் போனதால் அது முழுப்பொய்யும் அன்று.

அடுத்த வேனிலில் பகைவன் வானூர்திகள் வானினின்று பொழிந்த நெருப்பு ரோசாவையும் ஊசியிலை மரத்தையும் பாசியையும் ஒன்றாகவே எரித்தது. எது யாருடைய பூ என்று பகைவனும் கேட்கவில்லை. ஆயினும் அந்நாள்வரை முப்பத்தேழு செடிகளும் பூத்து நின்றன. வெறுக்கச் சொல்லியும் வெறுக்காத ஓர் ஊர் அவற்றைச் சுற்றி நின்றது. அதை எரிக்கவல்ல நெருப்பு எந்த வானத்திலும் இல்லை.