முயல் ஓட்டம்

மருத்துவமனைச் சீட்டில் 'பெயர்: முயல். இனம்: நாய்' என்று எழுதிவிட்டு, வரவேற்பில் இருந்த பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பெயர் வைத்தது நான்தான். ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோதே அவள் ஓடத் தொடங்கினால் பின்னங்கால் இரண்டையும் ஒட்டவைத்தாற்போல் சேர்த்துத் துள்ளுவாள். அதைப் படம்பிடித்து, 'பிறப்புச் சான்றிதழில் ஏதோ குளறுபடி' என்று ஒரு வரி சேர்த்துக் கல்லூரி நண்பர்களுக்கு அனுப்புவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் "முயல், ஓடு!" என்போம். ஓடுவாள். சிரிப்போம். சிரித்தால் இன்னொரு சுற்று ஓடுவாள், கைதட்டினால் மைக்கை விடாத பேச்சாளர் மாதிரி.

இப்போது அவளுக்குப் பதினோரு மாதம். ஒரு வாரமாக, உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிறாள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இடுப்பு மூட்டு, சார். தொடை எலும்போட உருண்டை இந்தக் குழிக்குள்ள கச்சிதமா உட்காரணும். இவளுக்குக் குழி ஆழமே இல்ல. ரெண்டு பக்கமும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர். படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"பேரிங் தேஞ்சுபோச்சா, டாக்டர்?"

"தேய்மானம் இப்பதான் ஆரம்பம். ஆனா முதல்லேர்ந்தே பொருந்தல."

"மாத்தி மாட்ட முடியாதா?"

"ஆபரேஷன் உண்டு. ஆனா இவ இதயத்துல ஒரு சத்தம் கேக்குது. அவ்வளவு நேரம் மயக்கத்துல வெக்க எனக்குத் தைரியம் இல்ல. இது சரியாகிற விஷயம் இல்ல சார், தள்ளிப்போடற விஷயம். வலிக்கு மாத்திரை தரேன். எடை ஏறக் கூடாது. மாடிப்படி கூடவே கூடாது."

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது," என்றார் அப்பா. சொன்னது வேறு யாரோ என்பதுபோல நின்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஓடறப்ப பின்னங்கால் ரெண்டையும் சேத்து, முயல் மாதிரி துள்ளியிருப்பாளே? ஒரு கால் தாங்காதுன்னு ரெண்டுலயும் பங்குபோட்டுக்கும். யாரும் கவனிக்கலயா?"

கவனித்தோம். பெயரே வைத்தோம். என் போனில் அறுபத்திரண்டு வீடியோ இருக்கிறது. மேஜைமேல் இருந்த சீட்டை மெல்லக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினார். விஷயத்தைக் கேட்ட அம்மா, "சிரிச்சு சிரிச்சே ஓட வெச்சோமேடா," என்று ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அம்மா "இந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள், அப்பாதான் "என்ன?" என்று வந்தார்.

பெரிய ஆபத்து சாயங்காலம்தான். கீழே அப்பாவின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் போதும், முன்பெல்லாம் மூன்று மாடியையும் உருண்டு புரண்டு இறங்கிவிடுவாள். அதனால் அப்பா கீழேயே செருப்பைக் கழற்றி, சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி, சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி ஏறி வருகிறார். கதவுக்கு வெளியே நின்று எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார். நான் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் நீக்குவேன்.

நேற்றும் அப்படித்தான். முயல் கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சை அடக்கி நிலைப்படியில் நின்றார். சாவியைச் சுற்றலாம். சட்டையில் இருக்கும் கிரீஸ் வாசனையை எதில் சுற்றுவது? முதலில் அவள் மூக்கு அசைந்தது. பிறகு கண் திறந்தது.

"வேணாம்மா. படு. படுத்துக்கோ," என்றார் அப்பா, கெஞ்சுகிற குரலில்.

முன்னங்கால்களை ஊன்றினாள். இடுப்பு இரண்டு தடவை எழும்பாமல், மூன்றாவது தடவை எழும்பியது. பின்னங்கால்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கூடத்தைக் கடந்து துள்ளி வந்து அப்பாவின் காலடியில் நின்று, வாலை ஆட்டியபடி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. மெதுவாகப் பாய்வரைக்கும் திரும்பி நடந்து போனாள். அங்கே நின்று எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு, முதலிலிருந்து துள்ளி வந்தாள்.